திரையில் ஒன்றும் இல்லை

ஆன் என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை. மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. பொத்தானுக்கு அடியில் நறநறவென்று ஏதோ அரைபடுகிறது, சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி, ஆனால் விரலில். சிமெண்டுத் தூள். தாரிகாவின் அறைக் கூரையிலிருந்து வந்தது. சற்று முன்னால் வரை என் மகளின் தலைக்கு மேலே கூரையாக இருந்தது, இப்போது பொத்தான்களின் சந்துகளிலும் என் நகக்கண்ணிலும் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் இந்தக் கால்குலேட்டரைக் கிடத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிடத்தி என்றா சொன்னேன். வைத்து. துண்டின் மேல் வைத்து. பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எந்த இடத்தில் எந்தச் சொல் என்று தெரியாதா. தாரிகா இதை ஜீசி என்பாள். கூட்டல் கழித்தல் மட்டும் போடுகிற கால்குலேட்டர் இல்லை, கணக்கைக் கொடுத்தால் அதற்குரிய வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும், செங்கல் மாதிரி கனக்கும், தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. இன்று மத்தியானம் அவளுக்கு பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஏ லெவல் கணக்குப் பரீட்சை. இது இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தால் பல கேள்விகளைத் தொடக்கூட முடியாதாம். "பள்ளியில கேட்டா வேற குடுக்க மாட்டாங்களா" என்று கேட்டேன். "குடுப்பாங்களோ என்னமோ. எனக்கு என்னோடதுதான் வேணும். ஆன் ஆகுதான்னு மட்டும் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். தலை முழுக்கத் தூள், வெள்ளை. அழவில்லை. நானும் அழவில்லை. அந்த வெள்ளைத் தலையைப் பார்த்ததும் கிழவியானால் இவள் எப்படி இருப்பாள் என்று தெரிந்தது, இவள் கிழவியாவாள் என்று நினைத்தேன், நினைத்த உடனே சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல அந்த நினைப்பை விட்டுவிட்டேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. கேட்கிற வரை சரி. குளியலறைக்கும் கூரை இருக்கிறது. இதை நினைக்கக் கூடாது. ஆன். ஒன்றும் இல்லை. ஆன்.

என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு இரண்டு வாக்கியம் போதும். அவள் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், என்னோடு சண்டை போட எழுந்து கூடத்துக்கு வந்தாள், அப்போது கூரையின் உட்பக்கம் பெயர்ந்து அவள் நாற்காலியின் மேல் விழுந்தது. இரண்டு இல்லை, மூன்று வாக்கியம், அல்லது ஒரே வாக்கியம்தான், எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று தெரியவில்லை. சண்டை போனுக்காக. பரீட்சை முடிகிற வரை போனைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை, காலையில் அவள் பல் விளக்கப் போன நேரத்தில் எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். புதைத்து. இன்றைக்கு எந்தச் சொல்லைத் தொட்டாலும் இப்படி. அவள் தேடியிருக்கிறாள், கட்டில், தலையணை, என் கைப்பை எல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்ப் படிக்க உட்கார்ந்தாள், கொஞ்ச நேரத்தில் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம், வேகமாக வந்து அடுப்படி வாசலில் நின்றாள். "ம்மா, போனைக் குடுங்க. ஷி யிங்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்." ஷி யிங் அவள் வகுப்புத் தோழி. "பரீட்சை முடியட்டும்." "அஞ்சு நிமிஷம்மா." "அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தான் நேத்தும் வாங்கினே." அப்போது அவள் முகம் சிவந்தது, கையைத் தூக்கினாள், "நீங்க ஒரு தடவையாச்சும்" என்று ஆரம்பித்தாள், அங்கேதான் அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை. எல்லோரும் இடி மாதிரி என்பார்கள். யாரோ ஒரு மூட்டையைத் தோளிலிருந்து பொத்தென்று இறக்கிப்போட்ட மாதிரி, அப்புறம் ஏதோ உருண்டு ஓடுகிற மாதிரி, அப்புறம் அறைக் கதவு வழியாக வெள்ளையாக ஒரு புகை மெதுவாக நடந்து வருகிற மாதிரி. அவள் கை தூக்கியபடியே இருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் புகை எங்களிடம் வந்து சேரும் வரை நின்றுகொண்டிருந்தோம். நான் ஓடவில்லை, அவளை இழுக்கவில்லை, தாய் என்றால் பாய்ந்து மூடிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் நின்றேன், அடுப்பில் தோசை கருகியது. அதைத்தான் முதலில் அணைத்தேன்.

நாற்காலியின் முதுகு ஒடிந்து கிடந்தது. உட்காருகிற இடத்தில், சரியாக அவள் உட்காருகிற இடத்தில், அம்மிக்கல் அளவுக்கு ஒரு துண்டு. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை, இரண்டு கையாலும் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கட்டிலில் வைத்தேன், தலையணையின் மேல். ஏன் அங்கே வைத்தேன். அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. நேற்று வரை அங்கே வெள்ளையடித்த கூரை, ஒரு கீறல் இல்லை, ஈரம் இல்லை, வாரா வாரம் அங்கேதான் மின்விசிறி துடைக்க ஏணி போடுகிறேன், கண் நன்றாகத்தான் தெரிகிறது எனக்கு. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்துதான் விழுந்தது. பிள்ளைகளுக்குக் கூரை என்ற சொல்லுக்கு ஓர் அட்டை வைத்திருக்கிறேன், சதுரத்தின் மேல் முக்கோணம், சிவப்பு ஓடு, புகைபோக்கி. இந்த ஊரில் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட முக்கோணத்துக்குக் கீழே தூங்குவதில்லை, எல்லோருக்கும் மேலே இன்னொருவரின் தரைதான் இருக்கிறது, ஆனாலும் வீடு வரையச் சொன்னால் முக்கோணம்தான் வரைவார்கள், அதற்கு மேலே ஒரு சூரியன். கால்குலேட்டர் மேசைக்கு அடியில் சுவர் ஓரமாகக் கிடந்தது. மூடி கழன்று, பேட்டரி ஒன்று வெளியே உருண்டு. அதன் மேல் ஒன்றும் விழவில்லை, மேசை தடுத்திருக்கிறது, அதிர்ச்சியில் தெறித்து விழுந்திருக்கிறது. அதிர்ச்சி. மேசைக்குத்தான் அதிர்ச்சி.

போன் அடிக்கிறது, அவர்தான், தாரிகாவின் அப்பா. முதலில், என் போன் எங்கே என்று தோன்றாமல், அவள் போனை அரிசியிலிருந்து தோண்டி எடுத்து, உறைக்குள் ஏறியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பாத்தாம் தீவில் கப்பல் பட்டறையில் இருக்கிறார், வாரக் கடைசியில்தான் படகேறி வீட்டுக்கு வருவார், வேலை நேரத்தில் போன் பெட்டியில் இருக்கும். "என்ன வசு, தாரிகா போன்லேருந்து கூப்பிட்டிருக்கே. பரீட்சைக்குக் கெளம்பிட்டாளா?" சொன்னேன். நிதானமாகச் சொன்னேன், வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற குரலில், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் சொன்னேன். "சீலிங்கா?" என்றார். "நம்ம சீலிங்கா?" "ம்." "எவ்வளவு பெருசு?" "அம்மிக்கல் மாதிரி." "எந்த எடத்துல?" "நாற்காலி மேல." "எந்த நாற்காலி?" "அவ நாற்காலி." அதற்குப் பிறகு அவர் பக்கம் இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஹலோ" என்றேன். "இருக்கேன்." மறுபடி இரும்புச் சத்தம். பிறகு, "கால்குலேட்டர் ஒடையலயே?" என்றார். "ஆன் ஆக மாட்டேங்குது." "பேட்டரி பாத்தியா?" "பாக்கறேன்." "பேட்டரியப் பாரு வசு. மொதல்ல பேட்டரியப் பாரு." அந்த ஆள் இரவில் இவள் படிக்கிற அறையில் விளக்கு எரிகிறதா என்று கேட்பதற்கே தனியாக ஒரு போன் அடிப்பார், இப்போது பேட்டரி பேட்டரி என்கிறார், எனக்குக் கோபம் வரவில்லை, அவரும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் இல்லையா. "சாயங்காலப் படகுல வந்துடறேன்" என்றார். வைத்த பிறகுதான் அவர் குரல் உடைந்திருந்தது காதுக்கு எட்டியது, கேட்கும்போது எட்டவில்லை.

பேட்டரியைப் பார்க்கிறேன். பின்பக்கத்தில் நாலு மெல்லிய பேட்டரிகள் ஒன்று மேல் போக ஒன்று கீழ் போகப் படுத்திருக்க வேண்டும். ஒன்றின் முனை நசுங்கியிருக்கிறது. டிவி ரிமோட்டிலும் இதே அளவுதான், கழற்றினேன், மின்விசிறி ரிமோட்டிலும் கழற்றினேன், கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ரொஹானி வந்தார். மலாய்க்கார அம்மா, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அந்தச் சத்தம் அவர் வீட்டுத் தட்டையெல்லாம் ஆட்டியிருக்கும். அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டார், "சுக்கூர், சுக்கூர்" என்று இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே என்னிடம் வந்து என் தலையைத் தடவினார். எனக்கு ஏன். தப்பிய தலை என்னுடையது இல்லை. "பிள்ளை எங்கே?" என்று மலாயில் கேட்டார், குளிக்கிறாள் என்றேன், "நீ என்ன செய்கிறாய்?" என்றார், பேட்டரி போடுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன், அது ஆடவே இல்லை, கல்யாண வீட்டில் பூ தொடுக்கிற கை மாதிரி அவ்வளவு நிதானம். கட்டடப் பராமரிப்பு அலுவலகத்துக்கு அவரே போன் செய்து ஆள் வரச் சொல்லிவிட்டதாகவும், ஆள் வந்தால் தானே நின்று பார்த்துக்கொள்வதாகவும், அந்த அறைக்குள் யாரும் போக வேண்டாம் என்றும் சொன்னார். சர்க்கரை அதிகம் போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேனா. கோப்பை காலியாக இருக்கிறது. நாலு பேட்டரியும் போட்டு மூடியை அழுத்தினேன், ஆன். ஒன்றும் இல்லை. திரை சாம்பல் நிறத்தில், மழைக்கு முந்தின வானம் மாதிரி, அதில் என் முகம்.

போனில் தேடினால் ஒரு வீடியோ வருகிறது. இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன, இதே கால்குலேட்டர், மர மேசை, எந்த ஊர்க்காரரோ, அவசரமே இல்லாத குரல். உங்கள் கருவி இயங்கவில்லை என்றால் பதற வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறார். பதறவில்லை ஐயா. பதறினால்தான் நன்றாக இருக்கும். பல சமயம் கருவி இயங்கிக்கொண்டுதான் இருக்கும், திரையின் எழுத்து அளவுக்கு மீறி வெளுத்துப்போயிருப்பதால் நமக்குத் தெரியாது என்கிறார். இயங்கிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. இந்த வரியைத் திரும்ப ஓட்டிக் கேட்கிறேன். தாரிகா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உச்சிக்குழியில் எண்ணெய் வைப்பேன், எலும்பு இன்னும் மூடாத இடம், தோல் மெல்லியதாக ஏறி இறங்கும், அடியில் ஏதோ துடித்துக்கொண்டிருக்கும், அழுத்திவிடுவேனோ என்று பயந்து விரலை மேலே காற்றில் வைத்துக்கொண்டு சொட்டவிடுவேன். ஒரு நாள் அந்தக் குழி இல்லை. எப்போது மூடியது என்று தெரியாது. அப்பாடா என்று நினைத்தேன், இனிமேல் இந்தத் தலை கெட்டி என்று நினைத்தேன், அதற்கப்புறம் அந்தத் தலையைப் பற்றி நினைக்கவே இல்லை, பேன் பார்த்ததைத் தவிர, பரீட்சைக்குள் எதெல்லாம் ஏறுகிறது ஏறவில்லை என்று கணக்குப் பார்த்ததைத் தவிர. நீலப் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டு, மேல்நோக்கிய அம்பை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். பிடிக்கிறேன். சாம்பல் கொஞ்சம் கருக்கிறது. இன்னும் பிடிக்கிறேன். ஏதோ எழுத்து நிழல் மாதிரி வருகிறது, வருகிறது, விரலை எடுக்க மறந்து பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன், திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

நீங்க ஒரு தடவையாச்சும். ஒரு தடவையாச்சும் என்ன. ஒரு தடவையாச்சும் நான் சொல்றதக் கேளுங்க. ஒரு தடவையாச்சும் என்னைப் பெரியவளா நெனைங்க. இல்லை, அவள் முகம் இருந்த விதத்துக்கு, ஒரு தடவையாச்சும் என்னை நம்புனீங்களா. அதுதான். அதைத்தான் சொல்ல வந்திருப்பாள், வேறு என்ன சொல்வாள், அந்த வயதில் நான் என் அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கியதும் அதுதான். சரி, நம்பியிருந்தால். காலையில் போன் அவள் மேசையில் கிடந்திருந்தால். ஷி யிங்குக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டிருப்பாள், ஷி யிங் பதில் போட்டிருப்பாள், இவள் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள், நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டு, பரவாயில்லையே, பிள்ளை பொறுப்பாகப் படிக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மூட்டை இறக்கின சத்தம். நான் நல்ல அம்மாவாக இருந்திருந்தால். நம்பாததால்தான் அவள் எழுந்தாள். அப்படியானால் நம்பாதது சரியா, நாளையிலிருந்து எல்லாவற்றையும் அரிசிக்குள் புதைக்கலாமா. சரியில்லை. தப்புமில்லை. இதை எந்தத் தராசில் வைப்பது, வைக்கிற தட்டே இல்லை. நான் அவளைக் காப்பாற்றவில்லை, அவளை எரிச்சல்படுத்தினேன், அவ்வளவுதான், எரிச்சலுக்கும் அம்மிக்கல்லுக்கும் நடுவே ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நடை தூரம் இருந்தது, அந்தத் தூரத்தில் என் பிள்ளை நின்றாள். அவள் கொஞ்சம் பொறுமைசாலியாகப் பிறந்திருந்தால். அவள் அப்பா மாதிரி, எதையும் மூன்று தடவை யோசித்துப் பேசுகிறவளாக. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது, அந்தச் சத்தத்தில் ரொஹானி ஓடிவந்தார், நான் குளியலறைக் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றேன். "தாரிகா." "என்னம்மா?" "ஒண்ணுமில்ல." "துணி மாத்தறேன்." "சரி. மாத்து." கதவு ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. நெற்றியை அதில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன், ரொஹானி நாற்காலியை நிமிர்த்தியிருந்தார். கறுப்பை இறக்க நீலப் பொத்தான், கீழ்நோக்கிய அம்பு, இந்தத் தடவை தட்டித் தட்டி, பயந்து பயந்து. எழுத்து வந்தது. காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. காத்திருந்தேன். அணைந்துவிட்டது. ஆன், காத்திருக்கவும், அணைந்துவிட்டது. ஆன். சாகவும் இல்லை, எழுந்து உட்காரவும் மாட்டேன் என்கிறது. அந்த மர மேசைக்காரரிடம் திரும்பினேன், அவரிடம் இதற்கும் வழி இருந்தது. ஒரு பேட்டரியைக் கழற்றுங்கள், அழிக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே அதைத் திரும்பச் செருகுங்கள். கை இரண்டு போதவில்லை. கருவியைக் கவிழ்த்து மடியில் வைத்து, ஒரு கட்டைவிரல் அடியில் பொத்தான் மேல், இன்னொரு கட்டைவிரலால் பேட்டரியைத் தள்ள, அது வழுக்கிப் போய் மேசைக்கு அடியில் உருண்டது. ரொஹானி குனிந்து எடுத்தார். "நீ அதைப் பிடி, நான் போடுகிறேன்" என்றார். பிடித்தேன். அவர் போட்டார். டக்கென்று உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தால் திரை தெளிவாக, வெள்ளையில் கறுப்பாக ஒரு வரி. நினைவில் இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில். அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னி, என்ன வேண்டும் சொல் என்பது போல.

அழிக்கப்பட்டது. என்ன இருந்ததோ உள்ளே, இரண்டு வருஷமாக அவள் போட்டு வைத்ததெல்லாம் இருந்திருக்குமோ, சூத்திரங்கள், கணக்குகள், காப்பாற்றுகிறேன் என்று உட்கார்ந்து நானே துடைத்துவிட்டேன். தாரிகா பின்னால் வந்து நின்றாள், சீருடை போட்டிருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது. "ஆன் ஆயிடுச்சா?" நான் திரையைக் கையால் மறைத்தேன், வகுப்பில் பிள்ளைகள் கிறுக்கிய தாளை மறைக்கிற மாதிரி. "உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிடுச்சுடா. நான் ஏதோ அழுத்தி" என்று ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை. அவள் என் கையை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். "ம்மா, அழிக்கத்தான் வேணும்" என்றாள். "பரீட்சைக்கு உள்ள போறப்ப எல்லாரையும் அழிக்கச் சொல்லுவாங்க. உள்ள எதையும் எழுதி வச்சிக் காப்பியடிக்கக் கூடாதுல்ல. எனக்கு ஒரு வேலை மிச்சம்." அப்புறம் சிரித்தாள், லேசாக, மூக்கு வழியாக. ரொஹானிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், வீட்டில் ஒருத்தி சிரிக்கிற சத்தம், அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. தாரிகா நின்றபடியே வேகவேகமாக எதையோ அழுத்தினாள். திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டது, மேலே ஏறி, வளைந்து, இறங்கி, நடுக்கோட்டைத் தாண்டிக் கீழே போய், மறுபடி ஏறியது. புள்ளி புள்ளியாக, அவசரப்படாமல். "சரியா வரையுதா?" என்று கேட்டேன். "சரியா வரையுது." இரண்டாவது கோட்டைப் போட ஆரம்பித்தாள். ஒரு பொத்தானுக்குப் பதில் பக்கத்துப் பொத்தான் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடி பக்கத்தில் விழுந்தது. "தூள் இருக்கு உள்ள" என்றாள். "ஆமா, தூள்" என்றேன். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை எடுத்து வந்து பொத்தான்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் துடைத்தோம், அவள் மேல் வரிசை, நான் கீழ் வரிசை. தலைகள் முட்டிக்கொண்டன. "நீங்க போனை எடுத்து வைக்கலன்னா நான்" என்று அவள் ஆரம்பித்தாள், குச்சி நின்றது. "விடு" என்றேன். "இல்லம்மா, நான்." "துடைடா. நேரமாகுது." அவள் துடைத்தாள். பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா. கடிதம் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், காரணம் கட்டில் மேல் இருக்கிறது, போட்டோகூட எடுக்கலாம். "இன்னிக்கு வேணாம்னா வேணாம், தெரியுமா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது, சவர்க்காரத்தால் இருக்கலாம். "வீட்டுல ஒக்காந்து என்னம்மா பண்றது" என்றாள். "எங்க ஒக்காருறது."

நானும் கூடக் கிளம்பினேன். சேலைக்கு மாறவில்லை, வீட்டில் போடுகிற கவுன், அதன் மேல் அவள் அப்பாவின் பழைய சட்டை, வேறு நாளாக இருந்தால் அவள் பள்ளி வாசலுக்குப் பத்துக் கட்டிடம் தள்ளி நில்லுங்கள் என்பாள். ஜீசியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கைப்பைக்குள் போட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கட்டிடங்களுக்கு நடுவே கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, மழையில் நனையாமல் பஸ் நிறுத்தம் வரை போகலாம். தூறிக்கொண்டிருந்தது. தாரிகா நடைபாதைக்குப் பக்கத்தில் புல்லில் நடந்தாள். காலணி சேறாகும் என்று சொல்ல வாயெடுத்தேன், என் கால்களும் புல்லில்தான் இருந்தன, எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. நிறுத்தத்தில் கூரைக்குக் கீழே இடம் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், கூரை முடிகிற இடத்துக்கு அப்பால், வானத்துக்குக் கீழே நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ஏம்மா நனையறீங்க. உள்ள நில்லுங்க." "நீ?" "எனக்கு இங்க ஓகே." "எனக்கும் இங்கதான் வசதி." பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனத் தாத்தா ஒருவர் காய்கறிப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இங்கே வா வா என்று கையைக் காட்டினார். நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர் நம்பமுடியாமல் எங்களை மேலும் கீழும் பார்த்தார், மழையில் ஒரு சீருடைப் பெண்ணும் ஆம்பளைச் சட்டை போட்ட ஒருத்தியும், பக்கத்திலேயே காய்ந்த பெஞ்சு. அவருக்கு எப்படிச் சொல்வது. இப்போதுதான் என் முழங்கால்கள் ஆட ஆரம்பித்தன, தனியாக, என்னைக் கேட்காமல், கவுன் துணி படபடக்கிற அளவுக்கு. தாரிகா அதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நெருங்கி, இடுப்பை என் இடுப்போடு முட்டுக்கொடுத்து நின்றாள். அவளும்தான் ஆடிக்கொண்டிருந்தாள், இருவரும் ஒன்றாக ஆடியதால் வெளியே அவ்வளவாகத் தெரிந்திருக்காது. மழை முகத்தில் விழுந்தது, மேலே வேறு ஒன்றும் இல்லை, சாம்பல் வானம் மட்டும், அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. "நீ மொதல்ல ஏறு" என்றேன். "நீங்க ஏறுங்க" என்றாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார், தாத்தா எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார், நாங்கள் இன்னும் கீழேதான் நின்றோம். பிறகு, யார் முதலில் கால் வைத்தது என்று சொல்ல முடியாது, அந்தக் குறுகலான கதவில் தோளும் தோளும் இடித்துக்கொண்டு, கைப்பை நடுவில் நசுங்க, இருவரும் ஒன்றாகவே ஏறினோம்.